சதுரப் பெட்டிகளும் ஒரு தேனீயும்



ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் இன்று உங்கள் கை முதலில் தஸ்பீஹின் பக்கம் போயிற்றா, கைப்பேசியின் பக்கம் போயிற்றா என்று கேட்டு உங்களைச் சங்கடத்தில் ஆழ்த்த மாட்டேன். எந்தப் பக்கம் போயிருந்தாலும், சூரியன் உதிக்கும் முன்பே உங்கள் கைப்பேசிக்குள் குறைந்தது ஐந்து ரோஜாப்பூக்களும், மூன்று துஆக்களும், சர்க்கரை நோயை ஒரே வாரத்தில் விரட்டும் கஷாயம் ஒன்றும், உலக முடிவு பற்றிய செய்தி ஒன்றும் வந்து சேர்ந்திருக்கும். கஷாயம் வேலை செய்வதற்குள் உலகம் முடிந்துவிடுமே என்ற கவலை அனுப்பியவருக்கு இருப்பதில்லை; இரண்டையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு அவர் தேநீர் அருந்தப் போயிருப்பார்.

அச்செய்திகளின் நன்மை தீமையைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் வேறொன்றைக் கவனியுங்கள். அவை அனைத்தும் தமிழில் வருகின்றன. திருப்பூரில் ஒருவர் எழுதியதை திரிப்போலியில் இருப்பவரும் தோஹாவில் இருப்பவரும் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறார்கள். இது இயற்கையாக நடப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது எப்படி இயற்கையில்லையோ, அப்படியே இதுவும் இயற்கையில்லை. எங்கோ ஒருவர் கிணறு வெட்டியிருக்கிறார்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை என்னவாக இருந்தது என்று நாற்பதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். வளைகுடாவிலிருந்து கணவர் தமிழில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். இங்கே மனைவி, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய், மணிக்கணக்குப்படி காசு கொடுத்து அதைத் திறந்தால், வரிசை வரிசையாகச் சதுரப் பெட்டிகள் மட்டுமே தெரியும். "பெட்டி அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாரே, இதைத்தான் சொன்னாரா?" என்று அப்பெண் கேட்டால் அதில் தவறு காண முடியுமா? சில வேளைகளில் பெட்டிகளும் இராது. தலையில் தொப்பி வைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கலந்து கிடக்கும். அன்புடன் எழுதிய கடிதம், யாரோ செய்வினை செய்து அனுப்பிய தகடு போலக் காட்சியளிக்கும்.

இக்கோளாறு எங்கிருந்து வந்தது? பனியன் தொழில் செய்யும் எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். இங்கே பனியனின் அளவை 80, 85, 90 என்று சென்டிமீட்டரில் சொல்வார்கள். ராயபுரத்தில் தைத்த 90, மதுரைக் கடையிலும் 90தான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பம் போல அளவுச் சீட்டு ஒட்டத் தொடங்கினால் என்னவாகும்? ஒருவருடைய 85 தொட்டில் குழந்தைக்கும், மற்றொருவருடைய 85 பயில்வானுக்கும் பொருந்துவதாக இருந்தால் கடைக்காரர் கதி என்ன?

கணிப்பொறிக்கு 'அ' என்றும் 'ஆ' என்றும் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, இந்த எண் வந்தால் இந்த உருவத்தைக் காட்டு என்று சொல்லி வைக்க வேண்டும். தமிழில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தனர். ஒரு பத்திரிகையின் 'க' மற்றொரு பத்திரிகையின் 'ஞ' ஆயிற்று. அப்பத்திரிகையின் எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லையென்றால் பெட்டிகளே கதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் அறிஞர்கள் கூடி, ஒரே விசைப்பலகையும் ஒரே குறியீட்டு முறையும் வேண்டும் என்று பேச வேண்டிய அளவுக்கு அக்குழப்பம் முற்றியிருந்தது.

இதற்கு முடிவு கட்டியது ஒருங்குறி. யூனிகோடு என்று ஆங்கிலத்தில் அழைப்பது இதைத்தான். உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் ஒரே பதிவேட்டில் தனித்தனி எண் கொடுக்கும் ஏற்பாடு இது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அப்பதிவேட்டில் 'அ' என்பதன் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. நம் சிறப்பு 'ழ'கரத்தின் எண் 2996. உலகின் எந்த மூலையிலும் இவை மாறா. அதே பதிவேட்டில் அரபியும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் பெயரை அடுத்து நாம் எழுதும் ஸலவாத்து முழுவதற்கும் சேர்த்து அங்கே ஒரே ஓர் இடம் இருக்கிறது. பிஸ்மில்லாஹ் முழுவதற்கும் அவ்வாறே ஒன்று இருக்கிறது.

எண் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. தமிழெழுத்தின் குறும்பு பெரிது. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால் ஒருங்குறிக் கணக்கில் 'க' முதலில் வரும், கொம்பு பின்னால்தான் வரும். ஜும்ஆ நாளில் தாமதமாக வந்துவிட்டு, உட்கார்ந்திருப்போரின் பிடரிகளைத் தாண்டி முன்வரிசைக்குப் போகிறவர் இருக்கிறாரே, அவரைப் போன்றது இந்தக் கொம்பு. பள்ளிவாசலில் அது கண்டிக்கத்தக்கது. தமிழிலோ அதற்கு அனுமதி உண்டு. அந்த அனுமதியைக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் எழுத்து ஒழுங்காக அமரும். சொல்லிக் கொடுக்காத பழைய கணிப்பொறிகளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கிடந்தன. விண்டோஸ் 2000 வந்த பிறகே அந்நிறுவனத்தின் இயங்குதளத்தில் இதற்கு வழி பிறந்தது. ஆனால் நம்மவர்களின் மேசைகளில் அதற்குப் பின்னரும் பல காலம் விண்டோஸ் 98தானே குடியிருந்தது?

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஒரு மனிதரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் பெயர் உமர்தம்பி. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் அவருடைய ஊர். 1953-இல் பிறந்தவர். நம் சமுதாயத்தின் ஆயிரக்கணக்கான ஆண்மக்களைப் போல அவரும் கடல் கடந்து துபாயில் பல ஆண்டுகள் உழைத்தவர். அங்கிருந்து தங்கத்தையும் அத்தரையும் கொண்டுவந்தவர்கள் பலர். இவரோ தமிழெழுத்தின் மேல் ஒரு பைத்தியத்தைக் கொண்டுவந்தார்.

'தேனீ' என்ற ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கியவர் அவர். அதன் சிறப்பு யாதெனில், படிப்பவர் தம் கணிப்பொறியில் தமிழ் எழுத்துரு எதையும் நிறுவியிருக்க வேண்டியதில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்துரு தானாகவே கூடவே இறங்கி வந்து தமிழைக் காட்டிவிடும். விருந்தினர் வரும்போதே பாயையும் தலையணையையும் தாமே தூக்கிக்கொண்டு வருவது போன்ற ஏற்பாடு அது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்ற உலாவியில் மட்டுமே அது இயங்கியது என்றாலும், அந்நாளில் பெரும்பாலோர் பயன்படுத்தியது அதையே. 2003-ஐ ஒட்டித் தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கிய பலருடைய பக்கங்களைப் பெட்டிகளிலிருந்து விடுவித்தது அந்தத் தேனீ. ஆங்கில விசைகளைத் தமிழ் ஒலிப்படி தட்டினால் தமிழெழுத்தாக மாற்றித் தரும் எழுதுகருவி ஒன்றையும், வேறு சில கருவிகளையும் அவர் செய்தார். எதற்கும் விலை வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டார். ஐயம் கேட்டவர்களுக்குப் பொறுமையாக எழுதி விளக்கினார். 2006 ஜூலையில், 53-ஆம் வயதில், அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் தனியாளாக இதைச் சாதித்தார் என்று சொல்வது நியாயமாகாது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம், 'எ-கலப்பை' தந்த முகுந்தராஜ் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் இது. மதம் பாராமல், நாடு பாராமல், கூலி பாராமல் வடம் பிடித்தவர்கள் அவர்கள். அவ்வடத்தில் அதிராம்பட்டினத்துக் கை ஒன்றும் இருந்தது என்பதே நான் சொல்ல வருவது.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதனுடன் இணைந்து நடந்த தமிழிணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. திருப்பூரிலிருந்து கோவைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரங்கூட ஆகாது. ஆனாலும் அப்பெயரை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்?

மீலாது மேடைகளைக் கேட்டுப் பாருங்கள். "இன்றைய கணிப்பொறி உலகத்துக்கு அடித்தளம் இட்டவர் பாக்தாதின் அல்குவாரிஸ்மி!" என்று பேச்சாளர் முழங்குவார். தக்பீர் எழும். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பேரறிஞரின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்ற சொல் பிறந்தது என்பது உண்மைதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்த முழக்கத்தைக் கேட்டு மகிழ்ந்த நாம் வீட்டுக்கு வந்து என்ன செய்கிறோம்? அல்குவாரிஸ்மி தந்த கணக்கின் உதவியால், பூனை வாழைப்பழம் உரிக்கும் படத்தை நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்தவரைப் போற்றுவதில் ஒரு வசதி இருக்கிறது. அவரைப் போல் நாமும் ஆக வேண்டும் என்று எவரும் நம்மிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் தம் வீட்டு மேசையில் அமர்ந்து இதைச் செய்தார் என்று சொன்னால், "நீ ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆகவேதான் தூரத்துப் பெருமை இனிக்கிறது. பக்கத்துப் பெருமை உறுத்துகிறது.

உமர்தம்பி செய்த காரியம் நம் முன்னோருக்குப் புதியதும் அன்று. அவர்களும் எழுத்துச் சிக்கலை எதிர்கொண்டவர்களே. குர்ஆனை ஓதத் தெரிந்த பெண்கள் மார்க்கத்தைத் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று கருதி, தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அதுவே அரபுத்தமிழ். அரபியில் 'ட' ஏது? 'ப' ஏது? தால் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைத்து 'ட' என்றார்கள். ஃபாவையும் சற்றே மாற்றிப் 'ப' என்றார்கள். இல்லாத எழுத்துக்கு இடம் உண்டாக்கிய அவர்களை அக்காலத்து மென்பொருளாளர்கள் என்று சொன்னால் மிகையில்லை. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அந்த எழுத்தில் எழுதிய கிதாபுகளை நம் பாட்டிமார் விளக்கொளியில் ஓதினார்கள்.

இன்று நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கைப்பேசியில் தமிழெழுத்து தயாராகக் காத்திருக்க, "வாங்க, சாப்பிட்டாச்சா" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதியதற்குக் காரணம் இரண்டின் மேலும் இருந்த பாசம். இவர்கள் ஆங்கில எழுத்தில் எழுதுவதற்குக் காரணம் விரலின் சோம்பல். அந்தத் தமிழை வாசிக்கும் வாப்பாவோ, 'மாமி' வருகிறாளா 'மம்மி' வருகிறாளா என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்!

சிரிப்பு இங்கே நிற்கட்டும். இவ்வளவு பாடுபட்டுச் செப்பனிட்ட எழுத்தில் நாம் எதை ஏற்றி அனுப்புகிறோம் என்பதே இப்போது கேள்வி.

அந்நாளில் ஒரு துண்டுப்பிரசுரம் ஊர் ஊராக உலவும். மதீனா ரவ்ளாவின் காவலர் ஷைகு அஹ்மது கண்ட கனவு என்று அதில் எழுதியிருக்கும். இதை அச்சிட்டுப் பரப்பியவருக்குச் செல்வம் வந்தது, அலட்சியம் செய்தவரின் மகன் இறந்தான் என்று மிரட்டும். அது கட்டுக்கதை என்று சவூதி அறிஞர் ஷைகு இப்னு பாஸ் உள்ளிட்டோர் எழுதி மறுத்தார்கள். ஆயினும் அப்பொய்க்கு ஒரு கடிவாளம் இருந்தது. அதைப் பரப்ப அச்சகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அல்லது கை வலிக்கப் பிரதி எடுக்க வேண்டும். பாதிப்பேர் அதற்குச் சோம்பியே நல்லவர்களாக இருந்தார்கள். இன்று அந்தக் கடிவாளமும் அறுந்துவிட்டது. ஒரு விரல் அசைந்தால் போதும்.

2018 மே மாதம், குழந்தைக் கடத்தல்காரர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி நம் மாநிலத்தில் பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்தபின், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் நாவுக்கு ஈமான் போட வேண்டிய பூட்டை ஓர் அயல்நாட்டு நிறுவனம் போட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊருக்கும் அது வந்தது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லிப் போலிக் காணொளிகள் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த சண்டைகளின் படங்களே அவை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஜார்க்கண்டு மாநிலத்துப் பிள்ளைகளின் கைப்பேசிக்கு, ஊரிலிருந்து தாய்மார் அழுதுகொண்டே பேசினார்கள். ஹோலிப் பண்டிகைக்குப் போகிறவர்களோடு அஞ்சிப் போகிறவர்களும் சேர்ந்துகொள்ள, ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. காவல்துறை அவை பொய் என்று அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைச் சந்தித்துச் சென்றது. தாக்குதல் நடவாமலே, ஒரு பொய்யால் மட்டும், உழைக்க வந்தவனுக்கும் வேலை கொடுத்தவனுக்கும் இடையில் அச்சம் புகுந்துவிட்டது. அக்காணொளிகளைப் பரப்பியவர்களில் எத்தனை பேர், "நான் நல்லெண்ணத்தில் எச்சரிக்கவே அனுப்பினேன்" என்று சொல்லியிருப்பார்கள்!

அல்லாஹ் தன் திருமறையின் 49-ஆம் அத்தியாயத்தில், தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறும், இன்றேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்றும் ஈமான் கொண்டோரை எச்சரிக்கிறான். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிகளாரின் அறிவுரையும் உண்டு. கேட்டதைச் சொல்வதற்கே இந்நிலை என்றால், முழுதும் படிக்காமலே அனுப்புகிறவரின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, சகோதர சகோதரிகளே, இரண்டு வேண்டுகோள்கள். ஹதீஸ் என்று ஒன்று வந்தால் அது எந்த நூலில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேளுங்கள். அவருக்கு அது தொல்லையன்று, அவருடைய வேலை. சண்டை, கடத்தல், விஷம் என்று அச்சமூட்டும் செய்தி வந்தால் ஒரு நாள் பொறுத்திருங்கள். உண்மையானால் மறுநாள் நாளிதழில் வரும்; பொய்யானால் உங்கள் கையோடு செத்துப்போகும். ஒரு பொய்க்குக் கபுருக்குழியாக இருப்பதும் புண்ணியந்தான்.

மற்ற வேண்டுகோள் இளைஞர்களுக்கு. அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்னும் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கரையானுக்கு உணவாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படித்து ஒருங்குறித் தமிழில் ஏற்ற வேண்டுமானால் அரபியும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும், கணிப்பொறியும் தெரிய வேண்டும். இம்மூன்றும் கூடுமிடம் எது? பகலில் கம்பெனியிலோ கல்லூரியிலோ கணிப்பொறி முன் அமர்ந்து, மாலையில் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு பக்கம் ஏற்றினால் போதும். பாக்தாதுக்குப் போக வேண்டியதில்லை. பரணுக்கு ஏணி வைத்தால் போதும்.

தேனீ என்று கேட்டதும், ஓதியவர்களுக்கு நஹ்ல் அத்தியாயம் நினைவுக்கு வரும். மலர்களிலிருந்து உண்டு, மனிதருக்கு மருந்தாவதை வயிற்றிலிருந்து தரும் அச்சிறு உயிரை இறைவன் அங்கே அத்தாட்சியாகக் காட்டுகிறான். மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் அறுந்துபோகின்றன. நிலைத்த தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்று மட்டும் அறுவதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். உமர்தம்பி வெட்டிய கிணற்றில் நாம் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் நன்னீரே ஓட வேண்டும் என்பது இறைப்பவர்களின் பொறுப்பு.

அடுத்த முறை நீங்கள் தமிழில் ஒரு ஸலாமைத் தட்டி அனுப்பும்போது, பெட்டிகள் இல்லாமல் அது போய்ச் சேரும். அவ்வேளையில் அம்மனிதருடைய மக்ஃபிரத்துக்காக ஒரு துஆச் செய்யுங்கள். அதைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டியதில்லை. அல்லாஹ் ஒருவனுக்கு அனுப்பினால் போதும்.

வஸ்ஸலாம்.